நூறு தப்படி

செம்மநத்தம் வந்து பதினாறு நாள் ஆகிறது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து வேறு வண்டி பிடித்து வந்தேன். காப்பிப் பழம் பறிப்பு முடியும் தறுவாய். சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடியில் சரம் சரமாகப் பச்சை. காலை ஒன்பது மணி வரை பனி விலகுவதில்லை. மேசை என்று ஒன்று கிடையாது. திண்ணையில் பலகையைப் போட்டுத்தான் இந்த நோட்டில் எழுதுகிறேன்.

கையோடு கொண்டு வந்தது ஒரே புத்தகம், லாவோ ட்சுவின் ‘தாவோ தே ஜிங்’. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைத் தூக்கிப் பார்த்தார்.

“என்ன புஸ்தகங்க சார்?”

“சீனாக்காரங்க எழுதினதுங்க ஐயா. ‘வழி’ன்னு பேரு. ரெண்டாயிரத்து முந்நூறு வருஷம் இருக்கும்.”

கொஞ்சம் யோசித்தார். “யாரு போட்ட வழி?”

“அதுதாங்க தெரியல.”

“எங்க மலையிலயும் அப்படித்தான். கீழ குப்பனூர் பக்கம் எறங்குற ஒத்தையடி எல்லாம் யாரும் போட்டதில்ல. நடந்து நடந்து ஆனது. பேரு மட்டும் பின்னால வெச்சாங்க.”

ஜுவாங் ட்சு என்ற இன்னொரு பழைய சீன நூலின் இரண்டாம் அத்தியாயத்தில், நடப்பதால்தான் வழி வழியாகிறது, அழைப்பதால்தான் பொருளுக்குப் பெயர் வருகிறது என்ற கருத்து அடுத்தடுத்து வருகிறது. பெரியவர் அந்த நூலைக் கேள்விப்பட்டதே இல்லை. வாழ்நாளெல்லாம் மலையில் நடந்தவர்.

*

‘தாவோ தே ஜிங்’ நூலைத் தமிழில் தந்தவர் சி. மணி. சேலத்துக் கவிஞர், ஆங்கிலம் கற்பித்தவர், இயற்பெயர் பழனிசாமி. 1968 முதல் 1970 வரை ‘நடை’ என்ற காலாண்டிதழ் சேலத்திலிருந்து வந்தது. அதன் மையமாக இருந்தவர் அவர். ‘எழுத்து’ இதழில் ‘நரகம்’ எழுதிய அதே மனிதர், பின்னாளில் லாவோ ட்சுவிடம் போய்ச் சேர்ந்தார். 2009இல் காலமானார்.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் அவர் வாழ்ந்த ஊர். சீனச் சிந்தனைக்கும் தமிழுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் உடனே சித்தர் போகரைத் தேடிப் போகிறார்கள். எனக்கு முதலில் இந்தச் சேலத்துக்காரர் நினைவுக்கு வருகிறார். அவருடைய முதல் தொகுப்பின் பெயர் ‘வரும் போகும்’. லாவோ ட்சுவை மொழிபெயர்க்க அன்றே தயாராகிக்கொண்டிருந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

*

தாவோ மரபை யார் தொடங்கினார்கள் என்பதற்கு நேரான பதில் கிடையாது. பள்ளி என்று ஒன்று இருந்ததா என்பதே முதல் கேள்வி.

‘தாவோ பள்ளி’ என்ற பெயரை நமக்குக் கொடுத்தவர் ‘சீமா தான்’ என்ற ஹான் பேரரசின் வரலாற்று அதிகாரி. கி.மு. 110இல் இறந்தார். பழைய சிந்தனையாளர்களை ஆறு பள்ளிகளாகப் பிரித்து ஒரு கட்டுரை எழுதினார்: யின்-யாங், கன்ஃபூசியர், மோகியர், பெயர்வாதிகள், சட்டவாதிகள், தாவோவினர். மற்ற ஐந்துக்கும் குறை சொல்கிறார், தாவோவுக்கு மட்டும் குறையே சொல்லவில்லை. அவர் அந்த வழியில் பயின்றவர். கட்டுரையைத் தன் பெரிய வரலாற்று நூலின் கடைசியில் சேர்த்தவர் மகன் சீமா சியன்.

லாவோ ட்சுவும் ஜுவாங் ட்சுவும் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலம் போய் நூறு ஆண்டுக்கு மேல் கழித்து வந்த பெயர் இது. அவர்கள் யாரும் தங்களைத் ‘தாவோவினர்’ என்று சொல்லிக்கொண்டதில்லை.

இதைவிடத் தெளிவான சாட்சி ஜுவாங் ட்சு நூலின் கடைசி அத்தியாயம், முப்பத்து மூன்றாவது. அதை எழுதியவர் ஜுவாங் ட்சு இல்லை, பின்னால் வந்த யாரோ. அவர் உலகத்துச் சிந்தனைகளை எல்லாம் வரிசைப்படுத்துகிறார். மோ ட்சு ஒரு குழு. சோங் சிங், யின் வென் ஒரு குழு. பெங் மெங், தியான் பியன், ஷென் தாவ் ஒரு குழு. லாவோ தானையும், அதாவது லாவோ ட்சுவையும், கணவாய்க் காவலர் யின்னையும் ஒரு குழுவாக வைக்கிறார். ஜுவாங் ஜோவை, அதாவது ஜுவாங் ட்சுவை, தனியாக வைக்கிறார். நமக்கு இன்று பிரிக்கவே முடியாத இரட்டையாகத் தெரியும் இருவரும் அவர் கண்ணுக்கு வேறு வேறு ஆட்கள்.

நம் பதினெண் சித்தர் பட்டியலும் இப்படித்தான். பட்டியலுக்குப் பட்டியல் பெயர் மாறுகிறது. பதினெட்டு என்ற எண் மட்டும் மாறுவதில்லை. எண் முதலில் வந்திருக்க வேண்டும், ஆட்களை அப்புறம் நிரப்பியிருக்கிறார்கள். இதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. தனித்தனியே காட்டில் நடந்தவர்களை நாம் பிறகு ஒரே வரிசையில் நிற்க வைத்துக் கும்பிடுகிறோம். ஆனால் வரிசையை வைத்து, அவர்கள் ஒன்றாக நடந்தார்கள் என்று முடிவு கட்டக் கூடாது.

*

இன்று ஒரு வேலை செய்தேன். வேலியோரம் வெட்டிப் போட்டிருந்த மூங்கிலைப் பிளந்து, ஸ்கேல் வைத்து 32.3 சென்டிமீட்டருக்கு ஒரு சிம்பு நறுக்கினேன். ஒன்றரைச் சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அகலம் சுண்டுவிரலில் பாதி.

1993இல் ஹூபெய் மாகாணத்தில் குவோதியன் என்ற இடத்தில், சூ நாட்டுப் பழைய தலைநகருக்குப் பக்கத்தில், ஒரு கல்லறையைத் திறந்தார்கள். ஏற்கெனவே திருடர்கள் புகுந்திருந்தார்கள். மிச்சம் இருந்தது சுமார் எண்ணூறு மூங்கில் சிம்பு, கி.மு. 300ஐ ஒட்டியவை. அவற்றில் 71 சிம்புகளில் லாவோ ட்சு. நம் கையில் இருக்கும் நூலில் ஐந்தில் இரண்டு பங்கு.

கண்ணுக்கு நேராகப் பார்க்க வேண்டியது அந்தச் சிம்புகளின் நீளம். ஒரு கட்டில் 39 சிம்பு, ஒவ்வொன்றும் 32.3 சென்டிமீட்டர். இன்னொரு கட்டில் 18 சிம்பு, 30.6 சென்டிமீட்டர். மூன்றாவதில் 14 சிம்பு, 26.5 சென்டிமீட்டர். மூன்று நீளம், மூன்று கட்டு. ஒரே புத்தகத்தை ஒருவர் உட்கார்ந்து படியெடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. வெவ்வேறு தேவைக்காகத் தனித்தனியே தொகுத்திருக்கலாம். இன்றைய 81 அத்தியாய வரிசையும் அங்கே இல்லை. கயிறு இற்றுப்போய்ச் சிம்புகள் உதிர்ந்து கிடந்ததால், ஒவ்வொரு கட்டுக்குள்ளேயும் எது முன், எது பின் என்று ஆய்வாளர்கள் இன்னும் அடுக்கிப் பார்க்கிறார்கள்.

சுவடி பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. கயிறு அறுந்த ஓலைக்கட்டைக் கையில் வாங்கியவருக்கு முதல் வேலை, எந்த ஏட்டுக்குப் பின் எந்த ஏடு என்பதுதான். உ.வே.சா. வாழ்க்கையில் பாதி இதிலேயே போயிருக்கும்.

என் சிம்பில் ஒரு குறளை எழுதப் பார்த்தேன். பச்சை மூங்கில் மை வாங்கவில்லை, இங்க் முத்து முத்தாகத் திரண்டு வழிந்தது. அப்புறம்தான் நினைவு வந்தது: சீனர்கள் சிம்பை நெருப்பில் வாட்டி, ஈரம் வியர்த்து வெளியேறிய பிறகுதான் எழுதுவார்கள். ‘பச்சையைக் கொல்லுதல்’ என்று அதற்குப் பெயர். இன்றும் சீனாவில் ஒரு படத்தின் ஷூட்டிங் முடிந்தால் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். அடுப்பில் வாட்டி மறுபடி எழுதினேன். ஏழு சீரும் சிம்புக்குள் அடங்கின, ஓரத்தில் இரண்டு விரல் இடம் மிச்சம். லாவோ ட்சுவின் வாக்கியங்கள் ஏன் அவ்வளவு சிறியவை, ஏன் சந்தத்தோடு இருக்கின்றன என்பது கைக்குப் புரிந்தது. மனப்பாடத்தில் வாழ்ந்தவை, சிம்பில் இளைப்பாறியவை.

அந்தக் கல்லறையில் கன்ஃபூசிய மரபு நூல்களும் பக்கத்திலேயே இருந்தன. இறந்தவர் ஓர் ஆசிரியராக இருந்திருக்கலாம் என்கிறார்கள். அவர் பெட்டியில் இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. இன்றைய பத்தொன்பதாம் அத்தியாயத்தில் கன்ஃபூசியர் போற்றும் அன்பையும் அறத்தையும் கைவிடச் சொல்லும் வரி, குவோதியன் சிம்பில் அப்படி இல்லை. அங்கே கைவிடச் சொல்வது தந்திரத்தையும் பொய்யையும். பகை பிறகு வந்திருக்கிறது. பள்ளிகள் தனித்தனியே சுவர் எழுப்பிய காலத்தில் யாரோ அந்த வரியைத் தீட்டிக் கூராக்கியிருக்கிறார்கள்.

அதே கல்லறையில் ஒரு சிறு நூல், மூன்றாம் கட்டின் சிம்பு நீளத்திலேயே. பேரொருமை முதலில் நீரைப் பெற்றது, நீர் திரும்பி வந்து அதற்குத் துணை செய்ய, வானம் பிறந்தது என்று தொடங்குகிறது. 1993 வரை இப்படி ஒரு நூல் இருந்ததே யாருக்கும் தெரியாது.

*

மாவாங்துயி. சாங்ஷா நகரம், 1973. கி.மு. 168இல் மூடிய கல்லறை. பட்டுத் துணியில் எழுதிய இரண்டு லாவோ ட்சு பிரதிகள், இரண்டிலும் ‘தே’ பகுதி முதலில், ‘தாவோ’ பகுதி பிறகு. நாம் தலைகீழாகப் படித்துக்கொண்டிருக்கிறோமோ என்னவோ.

ஹான் வம்சத்தை நிறுவியவர் பெயர் லியூ பாங். பேரரசரின் பெயரில் உள்ள எழுத்தை எழுதக் கூடாது. முதல் பிரதியில், நாடு என்ற பொருளில் ‘பாங்’ தாராளமாக வருகிறது. இரண்டாம் பிரதியில் அந்த இடங்களில் ‘குவோ’ என்று மாற்றியிருக்கிறது. ஆகவே முதலாவது முந்தியது. பின்னால் லியூ ஹெங் பட்டத்துக்கு வந்தார். நூலின் மிகப் புகழ்பெற்ற தொடக்கத்தில் ‘நிலையான’ என்ற பொருளில் ‘ஹெங்’ இருந்தது, அது ‘சாங்’ ஆனது. இரண்டாயிரம் ஆண்டாக உலகம் படித்துவந்தது ‘சாங்’ உள்ள வரியை. என்றும் மாறாதது என்று சொல்லும் அந்தச் சொல்லையே ஓர் அரசன் பெயர் மாற்றிவிட்டது. படிக்கும்போது எனக்கு மனசு கனத்தது.

*

களத்தில் காப்பி காய்கிறது. பெரியவரின் மனைவி, ஊரே ஆயா என்று கூப்பிடும் அம்மா, கால் விரலால் பழத்தைத் தள்ளித் தள்ளிக் கோடு போடுகிறார். பன்னிரண்டு பதினைந்து நாள் வெயில். காய்ந்ததா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து, காதோரம் வைத்துக் குலுக்குகிறார். நானும் குலுக்கினேன். எனக்கு எல்லாமே ஒரே சத்தம்.

“இன்னும் ரெண்டு நாள்” என்றார்.

“எப்படிங்க ஆயா தெரியுது?”

“சொல்லித் தரதுக்கு என்ன இருக்குங்க? கேட்டுக் கேட்டு வரணும்.”

ஜுவாங் ட்சுவில் சக்கரத் தச்சன் பியன் வருகிறான். மேலே கூடத்தில் கோமான் ஹுவான் புத்தகம் படிக்கிறான். கீழே எழுபது வயதுத் தச்சன் சக்கரம் செதுக்குகிறான். படிப்பது யாருடைய சொல் என்று கேட்கிறான். இறந்துபோன ஞானிகளுடையது என்கிறான் கோமான். அப்படியானால் அது வெறும் சக்கை என்கிறான் தச்சன். கோமானுக்குக் கோபம். விளக்கம் சொல், இல்லையேல் சாவு. தச்சன் சொல்கிறான்: உளி மெதுவாகப் போனால் பிடிமானம் இல்லை, வேகமாகப் போனால் உள்ளே இறங்குவதில்லை. சரியான வேகம் கைக்குத் தெரிகிறது, வாய்க்கு வரவில்லை. மகனுக்குக் கூட என்னால் தர முடியவில்லை, அதனால் இந்த வயதிலும் நானே செதுக்குகிறேன். சொல்ல முடியாததை எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவர்களும் போய்விட்டார்கள்.

பள்ளிகளின் வரலாற்றை நூல்களை வைத்து எழுதுகிறோம். இந்தக் கதையைச் சொன்னவர், அப்படி எழுதப்படுவதில் எது விட்டுப்போகும் என்று முன்னமே தெரிந்து வைத்திருக்கிறார். ஜுவாங் ட்சு என்று நாம் சொல்லும் நூலே பலர் கை பட்டது. ஒருகாலத்தில் 52 அத்தியாயம் இருந்தது. கி.பி. 312இல் இறந்த குவோ சியாங் அதை 33ஆகச் சுருக்கினார். உள் அத்தியாயம் 7, வெளி அத்தியாயம் 15, உதிரி 11. முதல் ஏழுதான் ஜுவாங் ஜோவுக்கு மிக நெருக்கமானவை என்பது பெரும்பாலோர் எண்ணம். மெங் என்ற ஊரில் ஓர் அரக்குத் தோட்டத்தில் சின்ன உத்தியோகம் பார்த்தவர் என்கிறார் சீமா சியன். தோட்டத்து மனிதர் என்பதால் இந்த மலையில் உட்கார்ந்து படிக்கும்போது கூடுதல் ஒட்டுதல்.

*

சீ நாட்டுத் தலைநகர் லின்ட்சியில் மேற்கு வாசலோரம் அறிஞர்களைக் குடிவைத்த இடம், ஜீசியா. கி.மு. நான்காம், மூன்றாம் நூற்றாண்டு. வேலை, பேசுவதும் எழுதுவதும். ஷென் தாவ், தியான் பியன், சோங் சிங் எல்லோரும் அங்கே இருந்தவர்கள். ‘குவான்ட்சு’ என்ற பெருந்தொகுப்பில் ‘உள் வேலை’ என்று ஒரு சின்ன நூல் இருக்கிறது. லாவோ ட்சுவுக்கு முந்தியதாகக்கூட இருக்கலாம் என்பவர்கள் உண்டு. நிமிர்ந்து உட்கார், உடம்பை நேராக்கு, மூச்சைச் சீராக்கு, மனத்தைத் துடைத்து வை, அப்போது நுண்மை தானாக வந்து தங்கும். சாரம் இவ்வளவுதான். வாசி பார்க்கிறவர்களுக்கு இதில் அந்நியமாக ஒன்றும் இருக்காது.

*

அதிகாரத்துக்குள் தாவோ நுழைந்த கதை. லாவோ ட்சுவுக்கு நம் கையில் உள்ள முதல் உரை, சட்டவாதியான ஹான் ஃபெய் பெயரில் வரும் இரண்டு அத்தியாயம். கடுந்தண்டனை பேசியவர், இதிலும் ஆட்சித் தந்திரத்தைக் கண்டார். பிறகு ‘ஹுவாங்-லாவோ’ என்ற போக்கு. ஹுவாங் என்பது மஞ்சள் பேரரசர், லாவோ என்பது லாவோ ட்சு.

இதில் என் மனத்தில் நிற்பவர் சாவ் ஷென், போர்வீரர், உடம்பெல்லாம் வடு. சீ நாட்டு அமைச்சரானதும், எப்படி ஆள்வது என்று நூறு அறிஞர்களைக் கேட்டார், நூறு பதில் வந்தது. காய் என்ற பெரியவர் ஹுவாங்-லாவோ தெரிந்தவர் என்று கேள்விப்பட்டு அவரை வரவழைத்தார். ஆள்பவர் அசையாமல் தெளிந்திருந்தால் மக்கள் தாமே நிலைகொள்வார்கள் என்றார் அவர். கி.மு. 193இல் பேரரசின் தலைமை அமைச்சர் ஆனார் சாவ் ஷென். முன்னவர் சியாவ் ஹ போட்ட சட்டம் எதையும் தொடவில்லை. இளம் பேரரசருக்கு வருத்தம். சாவ் ஷென் கேட்டார்: நீங்கள் உங்கள் தந்தைக்கு நிகரா? நான் சியாவ் ஹவுக்கு நிகரா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்பதே பதில். அப்படியானால் அவர்கள் செய்துவைத்ததைக் காப்போம் என்றார்.

சும்மா இருப்பது சோம்பல் என்று இதைப் படிப்பவர்கள், அதற்கு முந்தைய முப்பது ஆண்டைப் பார்க்க வேண்டும். சின் பேரரசின் கட்டாய வேலை, அது விழுந்தபின் உள்நாட்டுப் போர், பஞ்சம். உழவன் வயலுக்குத் திரும்ப வேண்டும் என்றால் அரசன் கொஞ்ச நாள் அவனைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும் என்ற நிலை. ஒரு தத்துவம் மக்களுக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தது. எனக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் அரண்மனைக்குள் போன எதுவும் மென்மையாகவே இருப்பதில்லை. லாவோ ட்சு பக்தையான தோ பேரரசி, அந்த நூலை வேலைக்காரர் பேச்சு என்று சொன்ன யுவான் கு என்ற கன்ஃபூசிய அறிஞரைப் பன்றித் தொழுவத்தில் இறக்கிவிட்டார். பேரரசர் ஜிங் இரக்கப்பட்டு ஒரு கூரான ஆயுதம் கொடுத்ததால் பிழைத்தார். கி.மு. 135இல் தோ இறந்தார், அத்தோடு ஹுவாங்-லாவோவின் அரசியல் காலம் சரிந்தது. நான்கு ஆண்டு முன்பு, கி.மு. 139இல், இளவரசர் லியூ ஆன் தன் அவைப் புலவர்களை வைத்துத் தொகுத்த ‘ஹுவாய்நான்ட்சு’, 21 அத்தியாயம், பேரரசர் வூவிடம் போய்ச் சேர்ந்திருந்தது. கி.மு. 122இல் ராஜதுரோகக் குற்றச்சாட்டு வந்து லியூ ஆன் தற்கொலை செய்துகொண்டார்.

*

நேற்று ஏற்காடு போயிருந்தேன். லேடீஸ் சீட் என்ற முனையில் நின்றால் சேலம் விரிந்து கிடக்கிறது. தென்மேற்கில் தனியாகப் படுத்திருக்கும் மலை கஞ்சமலை. இரும்புக் கனிமம் நிறைந்த மலை. அதன் அடிவாரத்தில் சித்தர் கோயில், அமாவாசைக்குக் கூட்டம். காலாங்கிநாதர் இருந்த இடம் என்பது நம்பிக்கை. போகரின் குரு அவர்.

அங்கே சொல்லும் கதை: குருவுக்குச் சோறு சமைத்த சீடன், கையில் அகப்பட்ட ஒரு குச்சியால் கிண்டினான். சோறு கறுத்துவிட்டது. குருவுக்குக் கொடுக்கப் பயந்து தானே சாப்பிட்டான். கிழவனாக இருந்தவன் இளைஞனாகிவிட்டான்.

சீனாவில் வெய் போயாங் கதை: மலையில் மருந்து காய்ச்சினார், நாய்க்குக் கொடுத்தார், நாய் செத்தது. தானும் உண்டு விழுந்தார். ஒரு சீடன் மட்டும், குரு காரணமில்லாமல் செய்யமாட்டார் என்று அவனும் உண்டு விழுந்தான். மற்ற இருவர் சவப்பெட்டி தேடி மலை இறங்கினார்கள். அவர்கள் போனதும் குரு, சீடன், நாய் மூவரும் எழுந்து போய்விட்டார்கள்.

இரண்டு கதைக்கும் நடுவில் யாரும் கடல் தாண்டியிருக்க வேண்டியதில்லை. மலை, அடுப்பு, குரு, பயந்த சீடன் இருந்தால் இந்தக் கதை தானாக முளைக்கும். ஒரு கூட்டத்தில் ஒருவர் மேடையேறி, போகர்தான் லாவோ ட்சு, நாம்தான் சீனாவுக்குச் சொல்லிக்கொடுத்தோம் என்று முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமானது. எனக்கு வேதனையாக இருந்தது. ‘போகர் ஏழாயிரம்’ சீன தேசத்தைத் திரும்பத் திரும்பப் பேசுகிறது, உண்மை. ஆனால் அந்தப் பாட்டின் மொழி குவோதியன் சிம்புக்கு எவ்வளவோ நூற்றாண்டு பிற்பட்டது. கமில் சுவலபில் போன்ற ஆய்வாளர்கள் சித்தர் பாடல்களின் காலத்தைப் பற்றிப் பொறுமையாக எழுதியிருக்கிறார்கள். இரண்டு மரபையும் ஒன்றாக்கிவிட்டால் இரண்டையும் இழப்போம்.

ஒப்பிட வேண்டுமென்றால் சாதிலிங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். சிவப்புக் கல். சூடாக்கினால் கந்தகம் பிரிந்து வெள்ளி போலப் பாதரசம் உருண்டு வரும். அந்த ரசத்தைக் கந்தகத்தோடு சேர்த்துப் பக்குவமாக எரித்தால் மறுபடி சிவப்பு. சீன மொழியில் இந்தக் கல்லுக்கு ‘தான்’. அமுதத்துக்கும் அதே சொல். வூ பேரரசர் காலத்தில் லி ஷாவ்ஜுன் இதைப் பொன்னாக்குவேன் என்று அவைக்கு வந்தார். நான்காம் நூற்றாண்டு வரை வாழ்ந்த க ஹோங் இதன் முறைகளை எழுதி வைத்தார். திரும்புவதுதான் தாவோவின் அசைவு என்பது லாவோ ட்சுவின் எண்ணம். கல் ரசமாகி ரசம் கல்லாகத் திரும்புவதைக் கண்ணால் கண்டவன், உடம்பும் அப்படித் திரும்பும் என்று நம்பியதில் வியப்பில்லை. நம் ரசவாதிகள் நம்பியதும் அதே கல்லைப் பார்த்துத்தான். அதே கல் சீனத்தில் பல பேரரசர்களை விஷமாகிக் கொன்றிருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும்.

*

கல்லில் இருக்கும் உறவு வேறு. ஃபூஜியான் மாகாணத்துச் சுவான்ஜோ துறைமுகம். 1281இல் அங்கே தமிழர்கள் ஒரு சிவன் கோயில் எழுப்பினார்கள். பெயர் திருக்கானீச்சுவரம். சம்பந்தப் பெருமாள் என்பவர், மங்கோலியக் கானின் உடல்நலம் வேண்டிச் செய்தது என்கிறது தமிழ்க் கல்வெட்டு. கடைசியில் ஒரு வரி சீனத்தில். கோயில் இன்று இல்லை. அதன் தூண்கள் கையுவான் பௌத்தக் கோயிலில் நிற்கின்றன.

அதே ஊருக்கு வடக்கே சிங்யுவான் மலையடிவாரத்தில், ஒரே பாறையில் செதுக்கிய லாவோ ட்சு உட்கார்ந்திருக்கிறார். சோங் காலத்துச் சிலை, சுமார் ஐந்தரை மீட்டர் உயரம், காது தொங்கத் தாடி தொங்க. ஆகவே 1281இல் அந்தத் துறைமுகத்தில் இருந்த தமிழ் வணிகன் ஒருவன் அந்தக் கிழவரைப் பார்த்திருக்கலாம். தாடியும் தவக்கோலமும் பார்த்து, நம்மூர்ச் சித்தர் என்றுகூட நினைத்திருக்கலாம். இது என் ஆசை. வரலாற்றில் எழுதாதீர்கள்.

*

647இல் தாங் பேரரசர் தைசோங், லாவோ ட்சுவைச் சமஸ்கிருதத்தில் பெயர்க்கும்படி சுவான்சாங்குக்கு உத்தரவிட்டார். நாம் யுவான் சுவாங் என்று பாடப்புத்தகத்தில் படித்த அதே யாத்திரிகர். கேட்டது காமரூபத்து அரசர் பாஸ்கரவர்மன். தாவோ அறிஞர்களும் கூடவே உட்கார்ந்தார்கள். முதல் சொல்லிலேயே சண்டை. ‘தாவோ’வுக்கு ‘போதி’ என்று போடலாம் என்றார்கள் அவர்கள். சுவான்சாங் விடவில்லை, ‘மார்க்கம்’ என்றார். அவர் சொன்னதே சரி. அடுத்தவர் வீட்டு விளக்கை எடுத்து வந்து நம் வீட்டு மாடத்தில் வைக்கக் கூடாது.

தமிழில்? சி. மணி ‘தாவோ’ என்றே விட்டுவிட்டார், நியாயம்தான். ஆனால் இரவெல்லாம் ஒரு சொல் என்னை விடவில்லை. ஆறு. அறத்தாறு என்னும்போது அது வழி. ஆற்றுப்படை என்னும்போது வழிகாட்டல். காவிரி என்னும்போது நீர். பள்ளம் பார்த்து இறங்கும் நீரும், நடந்து தேயும் பாதையும் தமிழில் ஒரே சொல்லில் இருக்கின்றன. நீரைப் போல இரு என்று சொன்ன நூலுக்கு, பேரொருமை நீரைப் பெற்றது என்று எழுதிய மூங்கில் சிம்புக்கு, இதைவிடப் பொருத்தமான சொல் சீனத்திலேயே கிடையாது. சேர்வராயன் கோயில் குகைக்குள் சேர்வராயனோடு காவேரியம்மன் குடியிருப்பதும் இங்கே நினைவு வருகிறது.

*

பெரியவர் தங்கள் முன்னோர் கதை சொன்னார். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பி கிளம்பினார்கள். பெரியண்ணன் இந்தச் சேர்வராயன் மலைக்கு, நடுவண்ணன் பச்சைமலைக்கு, சின்னண்ணன் கொல்லிமலைக்கு. மலைக்கு மலை கதை கொஞ்சம் மாறும் என்று அவரே சொன்னார். தங்களுக்கு மலையாளிகள் என்ற பெயர் மலையை ஆள்பவர்கள் என்பதால் என்றார்.

பிரிந்து கிடக்கும் ஊர்களை ஒரு கதை அண்ணன் தம்பியாக்குகிறது. லாவோ ட்சு, ஜுவாங் ட்சு, லியே ட்சு என்ற மூன்று சிந்தனையாளர்களையும் பின்னால் வந்தவர்கள் ஒரே குடும்பமாக்கியதும் இப்படி ஒரு பாசத்தில்தான். ஹான் வரலாற்று நூலின் பட்டியலில் தாவோ தலைப்பின் கீழ் 37 பெயர், 993 பகுதி. பெரும்பாலானவை இன்று இல்லை.

*

கடைசியாக ஜாங் தாவோலிங். கி.பி. 142இல், சிச்சுவான் மலைகளில், லாவோ ட்சு தனக்குக் காட்சி தந்ததாகச் சொன்னார். நூலாக இருந்தவர் தெய்வமானார். சேருபவர் ஐந்து ‘தோ’ அரிசி தர வேண்டும், அன்றைய அளவில் சுமார் பத்து லிட்டர். 24 வட்டாரமாக மக்கள் பிரிந்தார்கள். நோய் வந்தால் செய்த தப்பை எழுதி மூன்று ஓலை: ஒன்று வானத்துக்கு, மலை உச்சியில். ஒன்று நிலத்துக்கு, புதைத்து. ஒன்று நீருக்கு, மூழ்கடித்து. பேரன் ஜாங் லூ காலத்தில் பாதையோரம் தருமச் சத்திரங்கள் கட்டி, அரிசியும் இறைச்சியும் தொங்கவிட்டார்கள். வழிப்போக்கர் பசிக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். 215இல் ஜாங் லூ, படைத்தலைவர் சாவ் சாவிடம் சரணடைந்தார்.

முதன்முதலாக இதைத்தான் பள்ளி என்று முழு மனதோடு சொல்ல முடியும். உறுப்பினர், காணிக்கை, வட்டாரம், விதி எல்லாம் இருந்தன. அதன் விதிகளில் ஒன்றை இன்று முழுக்க மனத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். சின்னத் தப்பு செய்தவனுக்கு அடி இல்லை, அபராதம் இல்லை. நூறு தப்படி நீளத்துக்கு ரோடு செப்பனிட வேண்டும், தப்பு கழிந்துவிடும். அங்கே ரோட்டுக்கு எழுதியிருக்கும் எழுத்து ‘தாவோ’.

முந்தாநாள் மழையில் வீட்டுக்குக் கீழே ஒத்தையடி அரித்துப் போயிருந்தது. காலையில் பெரியவரும் பேரனும் கூடையில் கல் சுமந்து பள்ளத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நோட்டை மூடிவிட்டு நானும் போனேன். பெரிய கல்லை அடியில் வைத்து, சில்லுகளை இடையில் செருகி, மேலே மண். தண்ணீர் போக ஓரத்தில் ஒரு சாண் கால்வாய். “தண்ணிக்கு வழி விட்டாத்தான் நமக்கு வழி நிக்கும்” என்று பேரனுக்குச் சொன்னார். மதியம் வரைக்கும் எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டுத் தப்படி ஆகியிருந்தது.